எந்த ஈயின் தலையில் இரண்டு புள்ளி

உ
குன்றக்குடி சண்முகநாதன் துணை

காரைக்குடி,
14-6-1971

பாண்டிச்சேரியில் சௌக்கியமாக இருக்கும் அருமை மாப்பிள்ளை செம்மலை அவர்களுக்கு, மாமனார் அழகுசுந்தரம், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமியார் சின்னத்தாயியும் நலம். அங்கு தங்கள் நலமும் மகள் பொன்னுத்தாயியின் நலமும் அறிய ஆவல். மழை இல்லை. மாங்காய் ஊறுகாய் தனிப் பார்சலில் வருகிறது, ஜாடியைத் திருப்பி அனுப்பவும். மரியாதைக்கு எழுத வேண்டியவை இத்துடன் முடிந்தன. இனி வருவதை மாப்பிள்ளை என்ற முறையில் படிக்காமல், எனக்குத் தந்தி கொடுத்த ஆள் என்ற முறையில் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சபதம். தலையில் கீற்றும் புள்ளியும் வைத்துக்கொண்டு அலையும் அயல்நாட்டு எழுத்து எதையும் இந்த ஜென்மத்தில் இனி என் பேனா தொடாது. முப்பத்து நான்கு வருஷம் நற்சான்றிதழும் வரவேற்பு மடலும் எழுதிய கை இது. இதற்கு நேர்ந்த அவமானத்துக்கு முழுக் காரணம் மாப்பிள்ளை கொடுத்த எட்டணா அறிவுள்ள தந்திதான் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபத்தில் எழுதினால் என் கையெழுத்து வலப்பக்கம் சாயும். இதில் சாயவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கோட்டையூர் மு.வெ.சித.அரு. வயிரவன் செட்டியாருக்கு மணிவிழா. பெயருக்கு முன்னால் விலாசம் என்று நான்கு முதலெழுத்தும் நான்கு புள்ளியும் உள்ள பெரிய வீடு. இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள், ஒரே பையன் நாச்சியப்பன். அந்தப் பையன் இன்ஜினியர் படிப்புக்கு பாரிஸுக்குப் போனவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, செய்துகொண்ட பிறகு தெரிவித்தார். அவருடைய தாயார் தேனம்மை ஆச்சி அழவில்லை, திட்டவில்லை, சாபம் விடவில்லை. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் சொல்வதில்லை. 'அது' என்பார்கள், அதோடு சரி. மாதம் ஒன்றாக பாரிஸிலிருந்து ஆச்சி பெயருக்கு வந்த கடிதங்கள் ஒட்டுப் பிரிக்காமல் தேக்கு அலமாரியில் அடுக்கப்பட்டன. இப்போது அப்பாவின் மணிவிழாவுக்குப் பையனும் மருமகளும் புறப்பட்டு வருகிறார்கள். செட்டியார் என்னைக் குன்றக்குடி மலைப்படியில் சந்தித்து, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து தமக்கு அளிப்பதாக ஒரு வாழ்த்து மடல் எழுத வேண்டும், முகப்பு நடுவில் தொங்கவிடப்போகிறோம், கீழே பிள்ளைகளின் பெயர் வரிசையில் மருமகள் பெயரையும் சேர்க்க வேண்டும், அதுவும் அந்தப் பெண் எப்படி எழுதுமோ அப்படியே அதன் சொந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னார். கோட்டையூரில் வைத்துச் சொன்னால் ஆச்சிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்துதான் அறுபது வயதில் மனிதர் மலையேறி வந்திருந்தார். பெயர் மடலில் இருந்துவிட்டால் பிறகு அதைச் சுவரிலிருந்து யாரும் அழிக்க முடியாது, அந்தப் பெண் அந்த வீட்டு மருமகள்தான் என்பது ஊருக்கு நிச்சயமாகிவிடும், இதுதான் அவர் கணக்கு.

பெயர் என்னவென்று கேட்டேன். நொயெல் என்றார். அதில் என்னவோ மேலே குறியெல்லாம் வரும், பையன் ஒருமுறை சொன்னான், பாரிஸுக்கு எழுதிக் கேட்டால் பதில் வர நாள் போதாது, அச்சாபீஸ் உடையப்பனிடம் விசாரித்தால் அந்த மாதிரி எழுத்து தன்னிடம் இல்லை, மொட்டைத் தலையாகவே அச்சடித்து விடலாம் என்கிறான், உங்களால் முடியுமா மாஸ்டர் என்றும் கேட்டார். உடையப்பன் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் நிதானமாகப் பதில் சொல்லியிருப்பேன். "என் பேனாவுக்குத் தெரியாத எழுத்து இன்னும் பிறக்கலீங்க. என் மாப்பிள்ளை பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரவுகளோட புழங்குறவரு" என்று சொல்லிவிட்டேன். மலைப்படியில் நின்று சொன்ன வார்த்தை.

மறுநாள் முகப்புச் சுவரை அளக்கக் கோட்டையூர் போனேன். அளந்துகொண்டிருக்கும்போது தேனம்மை ஆச்சி வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, "கீழ எத்தனை பேரு எழுதப்போறீக மாஸ்டரு?" என்றார்கள். ஆறு பேர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஆச்சி விரலை மடக்கவில்லை, யோசிக்கவில்லை. "அஞ்சுன்னுல்ல எனக்கு ஞாபகம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அளவு நாடாவை எந்தப் பக்கம் சுருட்டுவது என்றே எனக்கு மறந்துபோனது.

தங்களுக்கு எழுதினேன். தாங்களும் தாமதமில்லாமல் இன்லண்ட் லெட்டரில் பதில் போட்டீர்கள். ஆனால் தாளில் இத்தனை இடம் இருக்க அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒட்டுகிற மடிப்பின் ஓரத்தில் எழுத வேண்டுமா? உங்கள் மாமியார் காய் நறுக்கும் கத்தியால் லெட்டரைத் திறந்ததில், கத்தி சரியாகப் பெயரின் உச்சந்தலை வழியாகப் போய்விட்டது. எழுத்துகளின் உடம்பு என் கையில் இருந்தது. தலைகள் தேங்காய் மட்டையோடு அடுப்புக்குள் போய்விட்டன. உடம்பைப் பார்த்ததில் என், ஓ, ஈ, இரண்டு எல், மறுபடி ஓர் ஈ என்று தெரிந்தது. எதன் தலையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. உடனே தந்தி அடித்து, எந்த எழுத்தின் தலையில் என்ன குறி என்று கேட்டேன், கத்தியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

தங்கள் தந்தி வந்தபோது நான் அட்டை வாங்க மதுரைக்குப் போயிருந்தேன். மாமியார் வாங்கி, பறந்துவிடாமல் இருக்க என் எழுதுபலகையில் வைத்து, மேலே மைக்கிண்ணத்தைப் பாரமாக வைத்திருந்தாள். வந்து எடுத்துப் பார்த்தால், தந்தி ஆபீஸில் வரிவரியாகத் துண்டு ஒட்டித் தரும் தாளில் ஒட்டியிருந்தது ஒரே ஒரு வரி. 'டூ டாட்ஸ் அபவ் ஈ.' அதாவது ஈக்கு மேலே இரண்டு புள்ளி. மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "ஈ உக்காந்துட்டுப் போனாலே புள்ளிதான விழும், அது மேல வேற ரெண்டு வைக்கணுமா?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு. என் கேள்வி வேறு. அந்தப் பெயரில் இரண்டு ஈ இருக்கிறது. எந்த ஈ? முன் ஈயா, பின் ஈயா? இதைச் சொல்லாமல் ஒரு மனிதர் தந்தி கொடுப்பாரா? இரண்டு பெண்கள் உள்ள வீட்டுக்கு எழுதி, உங்கள் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று நிறுத்திக்கொண்டால் எப்படி இருக்கும்?

மறுபடி தந்தி கொடுத்துக் கேட்க நேரம் இருந்தது. உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேனாவுக்குத் தெரியாத எழுத்து இல்லை என்று மலைப்படியில் நின்று சொன்னவன், மாப்பிள்ளையிடம் மூன்றாவது முறை போய் நிற்பதா? மூளை எதற்கு இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். மாப்பிள்ளை, நம் மொழியில் புள்ளியின் வேலை என்ன? க என்ற எழுத்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். தலையில் ஒரு புள்ளி வைத்தால் க் என்று வாயை மூடிக்கொள்ளும். ஐந்து வயதிலிருந்து எனக்குத் தெரிந்த புள்ளிக்கு இந்த ஒரு உத்தியோகம்தான். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது பணியாரம் தின்றுகொண்டே தாங்கள் என்ன சொன்னீர்கள்? "பிரெஞ்சுக்காரவுக கடைசி எழுத்தை எழுதுவாக மாமா, வாசிக்க மாட்டாக" என்று சொன்னீர்களா இல்லையா? அப்படியானால் பின் ஈ ஊமை. ஊமை எழுத்துக்குத்தானே புள்ளி. ஒரு புள்ளிக்கு அரைவாய் மூடும், இரண்டு புள்ளிக்கு முழுவாயும் மூடும். பின் ஈதான் என்று தீர்மானித்துவிட்டேன். இன்றைக்கும் இந்த யோசனையில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. தவறு பிரெஞ்சுக்காரர்களுடையது.

எழுத ஆரம்பித்த பிறகுதான் கஷ்டமே. தட்டை முனை நிப்பால் எழுத்தை இழுப்பது எளிது, அதன் தலைக்கு மேலே ஒரே அளவில், ஒரே உயரத்தில், உருண்டையாக இரண்டு புள்ளி நிறுத்துவது லேசில் வராது. நிப்பு தட்டை என்பதால் புள்ளி சதுரமாக விழுகிறது. உருட்டப் போனால் வால் முளைக்கிறது. வாலைச் சரிசெய்தால் பக்கத்துப் புள்ளி சின்னதாகத் தெரிகிறது. நான்கு நாள் காலண்டர் தாள்களின் முதுகெல்லாம் புள்ளி வைத்துப் பழகினேன். உங்கள் மாமியார் வாசலில் நின்றுகொண்டு, "நான் நித்தம் விடியக்காலம் அம்பது புள்ளி வச்சுக் கோலமே போட்டு முடிச்சிடுறேன். நீங்க ரெண்டு புள்ளிக்கு நாலு நாளா மூச்சுப் பிடிக்கிறீக" என்றாள். முதல் அட்டையில் எல்லாம் அருமையாக அமைந்து, இரண்டாவது புள்ளியும் உட்கார்ந்து, நிப்பைத் தூக்கும்போது அதிலிருந்து ஒரு சொட்டு தானாக விழுந்து இரண்டுக்கும் மேலே மூன்றாவது புள்ளியாக நின்றது. பிரெஞ்சுக்காரியின் பெயர் ஆய்த எழுத்தில் முடிந்தது. அந்த அட்டை இப்போது மாமியாருக்கு அரிசிப் பானை மூடி. இரண்டாவது அட்டையில் எழுதியதைத்தான் கோட்டையூருக்குக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை, என் வாய் என்னைப் பற்றிப் பேசாது, ஆனால் அந்த மடலைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னால் எழுதியதில்லை. ஓரமெல்லாம் மல்லிகைக் கொடி, ஐந்து பெயர் தமிழில், கடைசியில் அந்தப் பெயர் அதன் சொந்த எழுத்தில், பின் ஈயின் தலையில் இரண்டு புள்ளி, முத்துப் பதித்த மாதிரி.

மணிவிழாவன்று முகப்பு நிறைய ஜனம். கலச நீராட்டு முடிந்து, செட்டியாரும் ஆச்சியும் புதுப் புடவை வேட்டியில் வந்து உட்கார்ந்தார்கள். மருமகள் பெண் முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தது. உயரமான பெண், பட்டுப் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடந்தது. வந்ததிலிருந்து ஆச்சி அதன் பக்கம் முகம் திருப்பவில்லை என்று சமையல்கட்டு முழுக்கப் பேச்சு. கண்ணாடிச் சட்டம் போடும் ஆள் ஏமாற்றிவிட்டதால் மடலைச் சட்டமில்லாமல் பலகையில் குத்தி நிறுத்தி, பட்டுத்துணியால் மூடியிருந்தோம். செட்டியார் எழுந்து துணியை எடுத்தார். எல்லோரும் ஆஹா என்றார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று அந்த ஆஹாவை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கிட்டே போய்த் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தது. முகம் பூவாக மலர்ந்தது, அப்படியே வாடியது. சட்டென்று சமாளித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அழகு" என்று தமிழில் சொன்னது. பொய் சொல்லத் தெரியாத பெண்.

அந்த முகம் வாடியதை அத்தனை ஜனத்தில் பார்த்தவர் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர், அந்தப் பெண் பக்கமே பார்க்காமல் இருந்ததாகச் சொல்லப்பட்ட தேனம்மை ஆச்சி. பையனைக் கூப்பிட்டு, "அது எதுக்கு மூஞ்சிய மாத்துது?" என்றார்கள். நாச்சியப்பன் ஒன்றுமில்லை என்று மழுப்பினார். ஆச்சி விடவில்லை. கடைசியில் அவர் தயங்கித் தயங்கி, "புள்ளி எடம் மாறி விழுந்திருச்சு ஆத்தா. முன்னால இருக்க ஈ மேல இருக்கணும். அங்க இருந்தாத்தான் அந்த எழுத்தைத் தனியா வாசிப்பாக. இப்படி இருந்தா முன்னால உள்ளது ஒட்டிக்கிட்டு, பின்னால உள்ள ஊமை பேச ஆரம்பிச்சு, நெல்லேன்னு வாசிச்சிருவாக" என்றார்.

எனக்குத் தூண் சுழன்றது. அவர்கள் ஊரில் புள்ளி வைத்தால் எழுத்து வாயைத் திறக்குமாம். கேட்டீர்களா அநியாயத்தை.

ஆச்சி எழுந்தார்கள். "நெல்லா?" என்றார்கள். "எங்க வீட்டு மருமகளுக்கு நெல்லுன்னா பேரு?"

செட்டியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், அது நனையவே இல்லை, கண்தான் நனைந்திருந்தது. ஆச்சி தாம் என்ன சொன்னோம் என்பதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. நேராக என் தூணுக்கு வந்தார்கள். "மாஸ்டரு, நாச்சியப்பன் காதுகுத்துக்கு அடிச்ச பத்திரிகையில எங்க விலாசத்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சு. வேற வீட்டு விசேஷம்னு பங்காளிகள்ல பாதிப் பேரு வரல. நம்மளுக்கு நாலு புள்ளி முன்னால, அவளுக்கு ரெண்டு புள்ளி மேல. எடம் மாறினா ஆளு மாறிப்போகாதா? எடுங்க பேனாவ" என்றார்கள். 'அது' போய் 'அவ' வந்துவிட்டதை நான் கவனித்தேன். எழுத்து பார்க்கிறவன் இதையெல்லாம் விடமாட்டேன்.

பேனா என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மூடியைக் கழற்றினேன். ஆச்சி பேனாவை வாங்கி அந்தப் பெண்ணிடம் நீட்டி, "ஒம் பேருதான? மொதப் புள்ளிய நீ வையி" என்றார்கள். அதற்கு எவ்வளவு புரிந்ததோ, மண்டியிட்டு உட்கார்ந்து முன் ஈயின் மேலே ஒரு புள்ளி வைத்தது. பிறகு பேனாவை என்னிடம் கொடுக்காமல் ஆச்சியிடம் திருப்பி நீட்டியது. ஆச்சி ஒரு நிமிஷம் பேனாவைப் பார்த்தார்கள். குனிந்து இரண்டாவது புள்ளியை ஓர் அழுத்து அழுத்தினார்கள். "நொயெல்லு" என்றார்கள். ஒரு 'லு' கூடிப்போனது, யாரும் திருத்தவில்லை. அந்தப் பெண் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நானும் அழுதேன் மாப்பிள்ளை, மறைக்கவில்லை. ஆனால் எதற்காக அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி அவர்களுக்காக. மீதிப் பாதி என் மடலுக்காக. இரண்டு புள்ளியில் ஒன்று கடுகு, இன்னொன்று மிளகு. மிளகுக்கு வால் வேறு. நான்கு நாள் மூச்சுப் பிடித்து நான் வைத்த முத்துப் புள்ளிகள் இரண்டும் பின் ஈயின் தலையில் அநாதையாக நிற்கின்றன, பிளேடால் சுரண்டினால் அட்டை கிழியும். வேறு வழியில்லாமல் ஓரத்து மல்லிகைக் கொடியை அங்குட்டு இழுத்துக்கொண்டு வந்து, அந்த இரண்டையும் இரண்டு மொட்டாக்கிவிட்டேன். வருகிறவர்கள் எல்லாம் கடுகையும் மிளகையும் காட்டி இது மருமகள் வைத்தது, இது மாமியார் வைத்தது என்று கதை சொல்கிறார்கள். எழுதியவன் பெயரை ஒருவர் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, அன்று சாயங்காலமே ஆச்சி அலமாரியைத் திறந்து இரண்டு வருஷத்துக் கடிதங்களையும் எடுத்து மருமகளையே வாசிக்க வைத்து, நாச்சியப்பனைத் தமிழில் சொல்லச் சொன்னார்களாம். ஒவ்வொன்றின் அடியிலும் அந்தப் பெண் தன் பெயரைப் புள்ளியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. இருபத்திரண்டு மாதிரி அந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் பாண்டிச்சேரிக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே இதனால் தெரிவிப்பது, எந்த ஈ என்று சொல்லாமல் தந்தி கொடுக்கும் பழக்கத்தை மாப்பிள்ளை இன்றோடு விட்டுவிட வேண்டும். நானும் அயல்நாட்டு எழுத்தை விட்டுவிட்டேன். சபதம் சபதம்தான். பொன்னுத்தாயியை வெயிலில் அலைய விட வேண்டாம். தங்கள் தாயார் தகப்பனாருக்கு என் நமஸ்காரம். சண்முகநாதன் அருளால் இருவரும் தீர்க்காயுசாக, மனம் ஒத்து, புள்ளி குறையாமல் வாழ ஆசீர்வதிக்கும்,

தங்கள் அன்பு மாமனார்,
கா. அழகுசுந்தரம்

பின்குறிப்பு: கவரில் போடுவதற்கு முன் மை காயட்டும் என்று கடிதத்தை வைத்திருந்தபோது, மைக்கிண்ணத்தைக் கழுவப் போன உங்கள் மாமியார், அதன் அடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று கொண்டுவந்து கொடுத்தாள். தந்தியின் இரண்டாவது வரி. கிண்ணத்தை ஈரத்தோடு விட்டுப்போனவன் நான்தான், ஆகையால் பேப்பர் துண்டு பசை விட்டு அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. 'ஃபர்ஸ்ட் ஈ ஒன்லி. லாஸ்ட் ஈ சைலன்ட். டோன்ட் டச்' என்று மாப்பிள்ளை தெளிவாகவே சொல்லியிருக்கிறீர்கள். இந்த வரி உரிய இடத்தில் இருந்திருந்தால் புள்ளி சரியாக விழுந்திருக்கும், அந்தப் பெண் முகம் வாடியிருக்காது, ஆச்சி வாயே திறந்திருக்க மாட்டார்கள். ஆகவே கோட்டையூர் காரியம் முடிந்ததற்கு முழுப் பெருமையும் என் மைக்கிண்ணத்துக்குத்தான் என்று மகளிடம் சொல்லவும். மேலும், அந்தப் பெண்ணைப் பெற்ற சம்பந்தி வீட்டார் மார்கழியில் பாரிஸிலிருந்து வருகிறார்களாம், அவர்கள் பெயரை வரவேற்பு மடலில் எழுத வேண்டும் என்று ஆச்சி காலையில் காரையே அனுப்பிவிட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மாள் பெயர் பிரான்சுவாஸ், அதில் ஓர் எழுத்துக்குக் கீழே வால் வருமாம். வால் எந்தப் பக்கம் வளையும் என்று உடனே தந்தி கொடுக்கவும், இரண்டு வரியாக வேண்டாம், ஒரே வரியில். மேலே எழுதியிருப்பதில் தங்களைப் பற்றியுள்ளது அத்தனையும் தப்பு, கிழித்துப்போட்டு வேறு எழுதலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் இவ்வளவு நேராக, ஒரு வரிகூடச் சாயாமல் என் கையெழுத்து அமைந்து வெகு நாளாகிவிட்டது, கிழிக்க மனம் வரவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை படிக்க வேண்டாம், பார்த்தால் போதும்.